ஸ்டியரிங்கின் பின்பக்கம்

மார்ச் மாத ஓளுவில் பனி இன்னும் ஜன்னல் உயரம்.
கராஜுக்குள் விடுகிற மூச்சு கண்ணுக்குத் தெரிகிறது.
முதலில் பேட்டரியின் கறுப்பு வயரைக் கழற்றினேன்.
அரை மணி நேரம் காத்திரு என்கிறது கையேடு,
காற்றுப்பைக்குள் தங்கிய மின்சாரம்
தானே வடிந்துபோக.
காபி குடித்தேன். இன்னொன்றும் குடித்தேன்.
கோபக்காரர் வீட்டுக் கதவைத் தட்டுமுன்
நிற்பது மாதிரி நின்றேன்.

தொண்ணூற்று நான்கில் பிறந்த வண்டி. சிவப்பு.
இரண்டே இருக்கை, மடங்கும் துணிக்கூரை.
பாட்டை மாற்ற
மூன்றாம் கியரைத் தாண்டிக் கை போக வேண்டும்.
போன செப்டம்பரில் அப்படித்தான் போனது.
வானிலை கேட்கக் குமிழைத் தேடி
நிமிர்ந்து பார்த்தால்
என் பக்கவாட்டுக் கண்ணாடி
யாருடையதோ தபால்பெட்டிக்குக் கீழே
வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

ரௌனோ சொன்னான்:
"பழையதைப் பழையதாகவே விடு, மார்கெத்தா.
அந்த ஸ்டியரிங்கில் ஹாரனைத் தவிர எதுவும் கூடாது.
பொத்தான் வேண்டுமென்றால் பஸ் ஓட்டு."
நான் பஸ்தான் ஓட்டுகிறேன்,
பதினெட்டு வருடமாக, எட்டாம் எண்.
சரி, விட்டுவிட்டேன் என்று
அவனிடம் பொய் சொன்னேன்.

சக்கரத்தின் குறுக்குக் கைகளுக்குப் பின்னால்,
முன்னாலிருந்து பார்த்தால் தெரியாதபடி,
விரல்நுனி சும்மா இளைப்பாறும் இடத்தில்
ஐந்து சின்னப் பொத்தான்.
ஐந்துக்கும் சேர்த்து ஒரே வயர்.
எனக்குப் பிடித்தது இதுதான்:
ஒவ்வொரு பொத்தானுக்கும் ஓர் அளவு தடை.
முந்நூற்று முப்பது ஓம் என்றால் அடுத்த பாட்டு,
அறுநூற்று எண்பது என்றால் சத்தம் இறங்கும்,
ஆயிரத்தைத் தாண்டினால் வாயே மூடும்.
எவ்வளவு எதிர்க்கிறேன் என்பதை வைத்து
என்ன சொல்கிறேன் என்று கண்டுபிடிக்கிறது ரேடியோ.
இருபது நிமிடத்தில் கற்றுக்கொண்டது.
என் முன்னாள் கணவருக்குக் கடைசிவரை வரவில்லை.

சக்கரத்துக்கு அடியில்
நத்தை ஓடுபோலச் சுருண்ட ஒரு நாடா.
அதன் வழியாகத்தான் எல்லாம் மேலே ஏற வேண்டும்.
இடக்கோடிவரை சுற்றி, வலக்கோடிவரை சுற்றி,
சுற்றுகளை எண்ணி, சரிபாதியில் நிறுத்த வேண்டும்.
எந்தப் பக்கம் திரும்பினாலும்
கொஞ்சம் நீளம் மிச்சம் இருக்க வேண்டுமாம்.
இல்லையென்றால் ஏதோ ஒரு வளைவில்
சொல்லாமல் அறுந்துவிடும்.
மூன்று முறை எண்ணினேன், மூன்று விடை.
நடுவில் இருந்ததை நம்பினேன்.

மே மாதம், வாகன ஆய்வு நிலையம்.
கார்யுனென் என்று சட்டையில் பெயர் தைத்த இளைஞன்.
விளக்கு பார்த்தான், பிரேக் பார்த்தான்,
கீழே படுத்துத் துருவைக் குத்திப் பார்த்தான்.
கடைசியில் ஜன்னல் வழியே கைவிட்டு
ஹாரனை அமுக்கினான்.
"வடக்கே மாலையில் ஆலங்கட்டி மழை"
என்றது வண்டி, முழுத் தொண்டையில்.
மறுபடியும் அமுக்கினான்.
அக்கார்டியன்.
அவன் சிரிக்கவில்லை. தாளில் எழுதினான்:
ஒலிப்பான் இல்லை.

இரண்டு வயர் இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.
மறுநாள் கடற்காக்கைபோலக் கத்திக் காட்டி
முத்திரை வாங்கினேன்.

ஜூலை. இரவு பதினொன்றுக்கும் வெயில்.
தீவுக்குப் போகும் படகைப் பிடிக்க விரைகிறோம்,
கூரையை மடக்கிவிட்டு.
பக்கத்தில் ரௌனோ, தொப்பியைக் கையால் அழுத்தியபடி.
ரேடியோவில் டாங்கோ. அவனுக்கு உயிர்.
குமிழைத் திருகிச் சத்தத்தை ஏற்றினான்.
என் விரல் லேசாக மடங்கியது.
இறங்கியது.
ஏற்றினான்.
இறங்கியது.
குனிந்து முறைத்தான். பக்கத்தில் ஒரு தட்டு தட்டினான்.
என் கைகளைப் பார்த்தான்:
இரண்டும் சக்கரத்தில், இருக்க வேண்டிய இடத்தில்.
சாய்ந்து உட்கார்ந்தான், ஏதோ ஜெயித்தவன் மாதிரி.
"பார்த்தாயா! இந்தக் காலத்து வண்டிக்கு
இப்படி ஒரு பிடிவாதம் வருமா?"

ரோட்டைவிட்டுக் கண்ணெடுக்காமல்
"வராது" என்றேன்.
டாங்கோ பாதியில் நின்று
வேறு ஏதோ தொடங்கியது.